பாம்புக்காதும் ஒரு பாட்டில் நெயில் பாலிஷும்

பாம்புக்காது கடை எது என்று கேட்டால் அந்த வீதியில் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கடைப் பலகையில் எழுதியும் வைத்திருந்தார். வெயிலிலும் மழையிலும் பெயிண்ட் உதிர்ந்து பெயர் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை யாரும் தேடவில்லை. புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் ரம்பம், மருந்தடிக்கும் மெஷின், சின்னத் தண்ணீர்ப் பம்ப் என்று கையில் தூக்கிக்கொண்டு வரக்கூடிய பெட்ரோல் இஞ்சின் எதுவானாலும் அவரிடம்தான் வரும்.

அவர் மனைவிக்கு அந்தப் பட்டப்பெயரில் ஒரு பங்கு கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் ‘பாம்புக்காது வீட்டம்மா’ என்பார்கள். நேரில் வந்துவிட்டால் கிழவன் முதல் குமரி வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். முன்னால் கல்லாவில் அவள். பின்னால் ஷெட்டில் அவர். பிளக், ஃபில்டர், இழுகயிறு, அரம் எல்லாம் எந்தத் தட்டில் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஒரு நாள் படுத்துவிட்டால் கடையும் படுத்துவிடும்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வரும்போது அவள் கொண்டுவந்தது இரண்டே இரண்டு: ஒரு பெட்டி, ஒரு தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை மட்டும், “பெட்டிய நான் தூக்கிக்கறேன், தம்பிய நீ தூக்கிக்க” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் அன்றிலிருந்து அவரை மன்னித்துக்கொண்டு வருகிறாள். மன்னிப்பதற்கும் குறைவில்லை. கிரீஸ் கையை அவள் துவைத்து மடித்த துண்டில்தான் துடைப்பார். அடுக்களையில் டம்ளர் கவிழ்க்கும் இடத்தில் கார்புரேட்டரைக் கவிழ்த்து வைப்பார். கேட்டால், ரெண்டும் சுத்தமா இருக்க வேண்டிய சாமான்தானே என்பார்.

தம்பி வளர்ந்து, வேறு வேலையே உலகத்தில் இல்லாத மாதிரி, மரம் வெட்டும் வேலைக்குப் போனான். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த மரம், கரண்ட் கம்பியில் உரசும் கிளை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் பெல்ட், கயிறு, பெல்ட்டில் தொங்கும் ரம்பம். மேலே ஏறிக் கிளையைத் துண்டு துண்டாக இறக்குவான். அவன் ஏறிய நாளெல்லாம் இறங்கிவிட்டேன் என்று போன் வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும். அதனால் அவன் ரம்பத்தை அத்தானைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அத்தானின் வேலை அப்படி. இஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து போக வேண்டும். அளவு பார்க்கக் கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ. இறுக்கினால் பெட்ரோல் குறையும். வேகம் ஏறி இஞ்சின் வீரமாகக் கத்தும், கேட்கிறவனுக்கு ஆஹா என்றிருக்கும். ஆனால் உள்ளே சூடு தாங்காமல் பிஸ்டன் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். தளர்த்தினால் பெட்ரோல் கூடும். புகை கக்கும், மரத்தில் வைத்தவுடன் மூச்சு முட்டி நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில், முழு வேகத்தில் ஓடும்போது, தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்புளிப்பதுபோல ஓர் உறுமல் சத்தத்துக்குள் லேசாகக் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் தேடித் தேடித் தொலைக்கிற அந்த இடத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடுவார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வார். ஷெட்டில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும். டீக்கடைக்காரர்கூடக் கிளாஸைக் கழுவாமல் காத்திருப்பார். ஸ்க்ரூ ஒரு மயிரிழை திரும்பும், அவர் கண்ணைத் திறப்பார், முடிந்தது. உடனே சிவப்பு நெயில் பாலிஷில் ஸ்க்ரூவின் தலையும் அது நிற்கும் குழியின் விளிம்பும் ஒட்டுகிற மாதிரி ஒரு புள்ளி வைப்பார், யாராவது கைவைத்துத் திருப்பியிருந்தால் காட்டிக்கொடுப்பதற்கு. அது அக்காவின் பாட்டில். ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வாங்கி வைத்தது. அவள் நகத்துக்கு அது வந்து சேரவேயில்லை.

காதை மூடிக்கொண்டு வேலை பார்க்கலாமே என்று மெஷின் கம்பெனிக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பெரிய கிண்ணம் வைத்த காதுமூடி ஒன்றை இலவசமாகவே கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்ணைக் கட்டிக்கிட்டு யாராவது படம் வரைவாங்களா என்று கேட்டுவிட்டு அதை ஆணியில் மாட்டினார். அதில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

முதலில் அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தது கொசு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கொஞ்சம் கண்ணயர்வார். முன்பெல்லாம் ஒரு கொசு ங்ஙொய் என்றால் எழுந்து உட்கார்ந்து வீட்டையே இரண்டாக்குவார். இப்போது காதுமேலேயே கொசு உட்கார்ந்து கச்சேரி வைத்தாலும் அசையவில்லை. வயசானதும் மனுஷன் சாந்தமாகிவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டாள், பைத்தியக்காரி. அப்புறம் சட்டைப் பையில் போன் கூவிக்கொண்டே இருக்கும். அவர் பாட்டுக்கு ஸ்பேனரைத் தேடுவார். பேசினால் கேட்கிறது, இருமினால் கேட்கிறது. கீச்சுக் குரல்தான் கேட்கவில்லை. குக்கர் விசில் அடித்துச் சோறு குழைந்துபோன ஒரு நாள், அடுப்பு முன்னாலேயே நின்றுகொண்டிருந்த அவரைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் அவளை விட்டுப் போனது.

அதே சமயத்தில் மெஷின்கள் திரும்பி வர ஆரம்பித்தன. பூங்காவில் புல் வெட்டுகிறவரின் மெஷின் பிஸ்டன் பிடித்துக்கொண்டு வந்தது. பெட்ரோலில் எண்ணெய் கம்மியாகக் கலந்திருக்கிறான் என்றார். தோட்டக்காரர் ஒருவரின் மெஷின் வந்தது. பெட்ரோல் பழசு என்றார். மூன்றாவதும் வந்தபோது அவர் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் விழுந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கீச்சோடு அந்த மெல்லிய கொப்புளிப்பும் கேட்காமல் போனவர் எந்த இடத்தில் நிறுத்துவார்? தாண்டிப்போய் இறுக்கிவிடுகிறார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்ததா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுவருகிற ஆளிடம் சொல்லி இஞ்சின் வேகம் காட்டும் மீட்டர் ஒன்றை வரவழைத்தாள். உள்ளங்கை அளவுப் பெட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு வயர். வயரைப் பிளக் வயரின்மேல் சுற்றினால் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக்கில் பொறி விழுவதை எண்ணி, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும். கஸ்டமருங்க இப்பல்லாம் நம்பர் கேக்கறாங்க என்று ஒரு பொய்யைச் சொல்லி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தன வருஷம் நம்ம குடும்பத்த நடத்தின காது. இப்ப அதுக்கு மேல ஒரு சூப்பர்வைசரா?” என்று சிரித்தார். சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. அந்தக் கண்ணில் ஒரு நொடி தெரிந்த பயத்தை அவள் பார்த்துவிட்டாள். இவ்வளவு வருஷத்தில் அவரிடம் அவள் பார்க்காத பயம். பெட்டியை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவளால் முடியவில்லை.

சொல்ல முடியாததைச் செய்ய ஆரம்பித்தாள். அவர் மத்தியானம் தூங்கும்போதோ, சாமான் வாங்க வெளியே போகும்போதோ, அவர் முடித்து வைத்த மெஷினை ஷெட்டின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போவாள். இரும்புத் தூணில் கட்டுவாள். புல் வெட்டும் தலையும் அதன் மூடியும் மாட்டியபடியே இருக்கும். வயரைச் சுற்றிவிட்டு மீட்டரை எட்ட ஸ்டூலில் வைப்பாள். ஒவ்வொரு மெஷினுக்கும் அதிகபட்ச வேகம் எவ்வளவு என்று கூடவே வரும் புத்தகத்தில் போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்வாள். முடுக்கிப் பார்த்தால் பல சமயம் நம்பர் எகிறி நிற்கும். நிறுத்திவிட்டு ஸ்க்ரூவை ஒரு சிட்டிகை தளர்த்துவாள், மறுபடி பார்ப்பாள். சரியானதும் பழைய புள்ளியைச் சுரண்டிவிட்டுப் புதுப் புள்ளி வைப்பாள். இஞ்சின் சத்தத்துக்கு எழுந்துவிடுவாரோ என்று முதலில் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டாள். கடைக்கு அக்கம்பக்கம் எல்லாமே சத்தம். யார் எந்த மெஷினை ஓட்டுகிறார்கள் என்று யார் கண்டது?

மெஷின்கள் திரும்பி வருவது நின்றது. பூங்காக்காரரே வந்து, பாம்புக்காதுன்னா பாம்புக்காதுதான் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு இவர் முகம் பழையபடி மலர்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தித்தித்தது, கூடவே குத்தியது. நெயில் பாலிஷ் பாட்டில் சீக்கிரம் சீக்கிரம் காலியானது. அதே சிவப்பில் ஒன்று வாங்கித் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். புருஷனுக்குத் தெரியாமல் பெண்கள் என்னென்னவோ ஒளிப்பார்கள். இவள் ஒளித்தது இதை.

மருத்துவமனைக் கட்டடத்தின்மேல் சாய்ந்திருந்த ஒரு பெரிய மரத்தை இறக்கும் வேலை தம்பிக்கு வந்தது. அவனுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. ரம்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அத்தான் கொஞ்சம் பார்த்துக்கொடுங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று கடையில் கூட்டம். அக்காவுக்கு நிமிர நேரமில்லை. அவர் கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் ஏதோ செய்துகொண்டிருந்தது மட்டும் தெரியும். சாயங்காலம் சிவப்புப் புள்ளியோடு ரம்பம் பெஞ்சுமேல் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வெளியே போனதும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். இதுவரை அவள் சரிபார்த்ததெல்லாம் புல் மெஷினும் பம்பும். ரம்பத்தை எல்லோரும் அவசரமாகக் கொடுத்து வாங்கிப் போவார்கள், அவள் கைக்கு வந்ததில்லை. இது தம்பி உயிரைச் சுமந்துகொண்டு மேலே ஏறப்போகிற ரம்பம். இதை விட முடியுமா? ஆனால் மூடி இல்லாமல் பல் பல்லாக ஓடும் அந்தச் செயினைப் பார்த்தாலே அவளுக்குக் கை பின்வாங்கியது. மீட்டரோடு வந்த தாளில், ஓடும் பாகம் எதுவும் உடம்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. இருக்கக் கூடாது என்றால் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று அவளுக்குப் பட்டது. பக்கவாட்டு மூடி, செயின், அது ஓடும் பட்டை எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்தாள். ரம்பத்தைக் கட்டி, வயரைச் சுற்றி, முடுக்கினாள்.

நம்பர் பதினையாயிரத்தைத் தாண்டி ஓடியது. பதிமூவாயிரத்தில் நிற்க வேண்டியது. ஐயோ, இவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறாரே, மரத்தின்மேல் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் என் பிள்ளை என்ன ஆவான் என்று புலம்பிக்கொண்டே தளர்த்தினாள். நம்பர் இறங்கும்வரை தளர்த்தினாள். செயினைத் திரும்ப மாட்டி, தன் பாட்டிலிலிருந்து புள்ளி வைத்து, ரம்பத்தின் தலையை ஒரு முறை தடவிக்கொடுத்தாள். தம்பி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

மத்தியானத்துக்கு முன்பே போன் வந்தது. இறங்கிவிட்டேன் என்று சொல்லத் தம்பி பேசவில்லை. கீழே நின்று கயிறு பிடிக்கிற அவன் கூட்டாளி பேசினான்.

பெரிய கிளையைப் பாதி அறுத்திருக்கும்போது ரம்பம் புகை கக்கி மூச்சு முட்டி நின்றுவிட்டது. பாதி வெட்டில் கிளை உட்கார்ந்து, ரம்பத்தின் பட்டையைக் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்திருக்கிறான். கிளை தானாகப் பிளந்து, சுழன்று வந்து தோளில் அடித்தது. பெல்ட் இருந்ததால் தொங்கினான். கூட்டாளி கயிற்றை விடாமல் பிடித்து, கை தோல் உரிய, மெல்ல மெல்ல இறக்கினான். நல்லவேளை, மரத்தடியிலேயே மருத்துவமனை. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்த தம்பியைப் பார்த்ததும் அக்கா அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாசலில் யாரோ, பாம்புக்காதுக்கும் வயசாயிடுச்சுப்பா என்றது அவள் காதிலும் விழுந்தது, அவர் காதிலும் விழுந்தது. அந்தக் குரல் கீச்சுக் குரல் இல்லையே.

வீட்டுக்கு வந்து அவர் மரத்திலிருந்து இறக்கி வந்த ரம்பத்தைப் பெஞ்சில் வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவள் கதவோரம் நின்றாள். வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். ஸ்க்ரூ அவர் வைத்த இடத்தில் இல்லை. புள்ளியும் அவர் வைத்ததில்லை. அடியில் பழைய புள்ளியைச் சுரண்டிய தழும்பு தெரிகிறது. அந்தக் கூட்டாளிப் பயலுக்கு எதையாவது திருகிக்கொண்டே இருக்கிற கை. அவன் வேலையாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். கோபத்தில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

கையில் தோல் உரிந்தவனைப் போய்க் கேட்கப் போகிறார். அவள் வாயை மூடிக்கொண்டால் போதும், எல்லாம் அவன் தலையில் விழுந்துவிடும். ஊரும் மறுபடி இவரைக் கொண்டாடும். ஒரு நொடி அந்த எண்ணம் வந்ததை அவள் பிறகும் மறைக்கவில்லை.

“அவனக் கேக்காதீங்க. திருப்பினது நான்தான்” என்றாள்.

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கொசுவில் ஆரம்பித்து, குக்கர், மீட்டர், மத்தியானத் தூக்கம், தலையணை அடியில் பாட்டில் என்று ஒன்றுவிடாமல். செயினைக் கழற்றி ஓட்டினேன் என்று சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. இரண்டே எட்டில் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உன் கைக்கு ஒண்ணும் ஆகலியே?”

அவளுக்கு அங்கேயே உடைந்துவிட்டது. திட்டுவார் என்று கல்லாக நின்றவள் பொலபொலவென்று அழுதாள். அவர் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, அழுகிறவளுக்கு இஞ்சின் பாடம் நடத்தினார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். செயின் என்பது இஞ்சினுக்குக் கடிவாளம். அதைக் கழற்றிவிட்டால் இஞ்சினுக்குப் பாரமே இல்லை. கண்மண் தெரியாமல் ஓடும், கிளட்ச் பிய்த்துக்கொண்டு முகத்திலேயே அடிக்கும். அப்போது மீட்டர் காட்டுவது பொய் நம்பர். செயினும் பட்டையும் மாட்டி, ரம்பத்தைத் தரையில் வைத்துக் காலால் மிதித்து, செயின் ஆள் இல்லாத பக்கம் பார்க்க, மீட்டர் எட்ட இருக்க, அப்படித்தான் பார்க்க வேண்டும். அவருக்கு மீட்டரைப் பற்றி இவ்வளவும் தெரிந்திருந்தது. டிராயரைத் திறந்து அந்தத் தாளை அவரும் படித்திருக்கிறார்.

“அப்ப நீங்க வச்ச அளவு...” என்று அவள் இழுத்தாள்.

“சரியாத்தான் இருந்திருக்கும்” என்றார் அவர். “எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? பழைய சத்தம் வரலன்னு எனக்குத் தெரியும். மத்த மெஷின் போச்சுன்னா புதுசா பிஸ்டன் போட்டுக் குடுத்துக்கலாம். உன் தம்பி மெஷின மட்டும் நான் என் காத நம்பி விடல.”

முந்தின நாள் கொல்லையில் அவர் செய்தது அதுதான். கட்டையைப் போட்டு அறுத்து அறுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றி, எரிந்த நிறம் சரியாக இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறார். ரம்பம் கட்டையில் இறங்கும்போது கையில் வரும் அதிர்வைப் பார்த்திருக்கிறார். கேட்காததைக் கண்ணாலும் கையாலும் தேடிப் பிடித்து வைத்த புள்ளியை அவள் சுரண்டி எறிந்திருக்கிறாள். இருவரும் ஒருவர் பயத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் தோள் முறிந்திருக்காது. அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் மருத்துவமனைக்குப் போனார்கள். எங்க தப்புடா என்று அவர் முந்திக்கொண்டு ஆரம்பித்தார். எங்க தப்பு இல்லை, என் தப்பு என்று அவள் திருத்தினாள். கூட்டாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். தம்பி கட்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தான்.

“உனக்கு அளவாப் போடற கையே கிடையாதுக்கா. எனக்குச் சோறு போடற மாதிரியே அதுக்கும் பெட்ரோல ஊட்டி விட்டுட்ட” என்றான். சிரிக்கப் போய்த் தோள் வலித்து முகத்தைச் சுளித்தான். அப்போதுதான் அவள் அவன் தலையைத் தொட்டாள்.

காது பரிசோதிக்கும் இடம் அதே கட்டடத்தில் மாடியில் இருந்தது. போகலாமா என்று அவள் கேட்கவில்லை, அவரே படியேறினார். கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். அக்கா வெளியே நின்றாள். பரிசோதிக்கிற பெண் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. முதலில் விளக்கு எரியும், கை உயரும். போகப் போக விளக்கு எரிந்தது. கை மடியிலேயே இருந்தது. அவர் பள்ளிப் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வராத சத்தத்துக்காகக் காத்திருந்தார். அதைப் பார்க்க அவளால் தாங்க முடியவில்லை.

போனது திரும்பாது, இரைச்சலிலிருந்து காப்பாற்றினால் இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். படியிறங்கும்போது அக்கா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். உண்மையை மூடி மூடி வைத்ததால்தானே அவர் இத்தனை மாசமும் காதைத் திறந்து போட்டுக்கொண்டு இரைச்சலில் நின்றார்?

“நான் மறைச்ச மாசமெல்லாம் உங்க காதத்தான் தின்னிருக்கு” என்றாள்.

அவரும் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். ஏறி இறங்குகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். “மறைச்சதுல நானும்தான் பாதி. விடு. நீ பேசறது கேக்குது, அவன் பேசறது கேக்குது. கொசு பாட்டு போனா போகட்டும்” என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, நெயில் பாலிஷ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று நானும் யோசித்ததுண்டு, ஆசையாக நகத்தில் போட்டுக்கொள்கிறாய்போல என்று உன் விரலைப் பார்த்தேன், ஒன்றுமில்லை, சரி காலில் போட்டுக்கொள்கிறாய் என்று விட்டுவிட்டேன் என்றார். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தம்பிக்குத் தோள் கூடிவர மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. அந்தக் கையால் தூக்க முடிகிற நாள் வந்ததும் ரம்பத்தை அவனே கொண்டுவந்து ஷெட்டில் வைத்தான். கூட்டாளியும் கூட வந்தான். டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் கிளாஸைக் கழுவாமல் நின்றார்.

அவர் ஆணியிலிருந்து காதுமூடியை எடுத்தார். உள்ளேயிருந்த சிலந்தியை வெளியே விட்டுவிட்டு, ஊதித் துடைத்து, இரண்டு காதையும் மூடினார். அவளுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதை அவரே அவள் தலையில் மாட்டினார். செயினும் பட்டையும் மாட்டியிருந்தது. ரம்பத்தைத் தரையில் வைத்துக் காலால் மிதித்தார். செயின் சுவரைப் பார்த்தது. அவள் வயரைப் பிளக் வயரில் சுற்றிவிட்டு, அது எட்டுகிற மட்டும் அவருக்குப் பின்பக்கம் தள்ளிப் போய் மீட்டரோடு நின்றாள்.

இஞ்சின் முழு வேகத்துக்கு ஏறியது. அவர் கண்ணை மூடவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விரலால் காட்டினாள், இன்னும் கொஞ்சம். வேகத்தை இறக்கினார், ஸ்க்ரூவை ஒரு மயிரிழை திருப்பினார், மறுபடி ஏற்றினார், மறுபடி அவளைப் பார்த்தார். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு தனியாக எங்கேயோ போய் வந்த மனுஷன், ஷெட்டு நிறைய ஆட்கள் பார்க்க, அவளை மட்டும் பார்த்துக்கொண்டு வேலை செய்தார். பதிமூவாயிரம் வந்து நின்றது. அவள் தலையை ஆட்டினாள். அணைத்துவிட்டு அவர் குனிந்து பார்த்தார். ஸ்க்ரூ நின்ற இடம், விளிம்பில் சுரண்டிய தழும்புக்கு நேரே, அவர் முதலில் புள்ளி வைத்த அதே இடம்.

அவள் தலையணைக்கு அடியில் இருந்த பாட்டிலை எடுத்து வந்திருந்தாள். திறந்து பார்த்தால் அடியில் ஒரு சொட்டுத்தான். அந்த ஒரு சொட்டை அவரே வைக்கட்டும் என்று நீட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்து, அவள் கையாலேயே வைக்கச் சொல்லி, ஸ்க்ரூவின்மேல் கொண்டுபோனார். பிறகு காலிப் பாட்டிலை வாங்கி உற்றுப் பார்த்தார். காதுமூடியைக் கழற்ற மறந்துபோய், தான் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று தெரியாமல், கடைவீதி மொத்தமும் கேட்கச் சொன்னார்:

“புதுசு வாங்கிட்டு வா. இனிமே நமக்கு ஒரு பாட்டில் போதும்.”